இரண்டாம் நிகழ்வு

பட்டணத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூக வரலாற்று மானுடவியல் துறை என்று ஒரு துறை இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே சாமி எதுவும் கிடையாது. ஒரு கண்ணாடிப் பெட்டியும், அதற்குள் சிவப்பு வெல்வெட்டில் படுத்திருக்கும் கத்தரிக்கோலும்தான் உண்டு. புதிதாகச் சேர்கிற மாணவர்கள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று சிந்திக்க வேண்டும். எதைச் சிந்திப்பது என்று கேட்கக் கூடாது. கேட்ட ஒருவரைப் புள்ளியியல் துறைக்கு மாற்றிவிட்டார்கள்.

கத்தரிக்கோலுக்குக் காரணம் துறைத் தலைவர் பேராசிரியர் தணிகாசலம். எழுபதுகளின் தொடக்கத்தில், மீசை கறுப்பாக இருந்த காலத்தில், அவர் ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டு என்ற நெசவாளர் ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்கினார். முதல் ஆறு நாளும் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, வயிற்றுப்போக்குதான் கிடைத்தது. கடைசி நாள், ஊரை விட்டுக் கிளம்பும்போது, ஒரு வீட்டில் நெசவாளி ஒருவர் இறந்து சில நாள் ஆகியிருந்தது. அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழ, இரண்டு ஆட்கள் தறியில் நீள இழைகளாக ஏற்றியிருந்த பட்டுப் பாவைக் கத்தரிக்கோலால் அறுத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். யார் முகத்தையும் அவர்கள் பார்க்கவில்லை. தணிகாசலம் அங்கேயே நின்று புரிந்துகொண்டுவிட்டார். நெசவாளியின் உயிர் இழையில் இருக்கிறது. அவன் இறந்ததும் சமூகம் அந்த இழையை அறுத்து உயிரை விடுவிக்கிறது. யாரையும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் களம் கலங்கிவிடும் என்பது அவருடைய கொள்கை.

இப்படிப் பிறந்ததுதான் இழையறுப்புக் கோட்பாடு. அது அவரை மூன்று கண்டங்களுக்கு அழைத்துப் போனது, பேராசிரியர் ஆக்கியது, கடைசியில் அவருக்கென்று ஒரு துறையையே கட்டிக் கொடுத்தது. பிறகு அந்தத் துறையில் படித்த எல்லோரும் போன இடமெல்லாம் இழையறுப்பையே கண்டுபிடித்தார்கள். ஒருவர் மீனவர் வலையில் கண்டார். ஒருவர் பூக்கட்டுகிறவர்களிடம் கண்டார். இன்னொருவர் சலூனில் உட்கார்ந்து ஆய்வு செய்தார். அவருக்கு மட்டும் சீக்கிரம் முடிந்துவிட்டது. முள்ளிப்பட்டுக்கு மட்டும் யாரும் திரும்பிப் போகவில்லை. கருவறைக்குள் அடிக்கடி போகக் கூடாது என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

தொண்ணூற்றாறில் எம்.ஃபில். நேர்முகத்துக்கு சூர்யகலா வந்தாள். எந்த ஊர் என்று கேட்டதற்கு முள்ளிப்பட்டு என்றாள். பேராசிரியர் எழுந்து நின்றார். அவர் நின்றதால் மற்ற ஆசிரியர்களும் நின்றார்கள். அவள் பயந்துபோய்த் தானும் எழுந்து நின்றாள்.

“அப்பா?” என்று கேட்டார் பேராசிரியர்.

“தறி நெய்யறாருங்க சார். அம்மாவும் நெய்வாங்க.”

“இழையறுப்புச் சடங்கைப் பார்த்திருக்கிறாயா?”

அவளுக்கு எது என்று புரியவில்லை. அவர் விவரித்தார். விவரித்து முடித்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சின்னப் பெண், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“சார், அது சடங்கு இல்லீங்க. எங்க ஊர்ல பாவு, பட்டு எல்லாமே முதலாளி குடுக்கறதுங்க. நாங்க கூலிக்கு நெய்யறோம். வூட்டுல நெய்ய ஆள் இல்லாம போச்சுன்னா, முதலாளி ஆளுங்க வந்து பாவ அறுத்து எடுத்துகினு போயிடுவாங்க. வேற வூட்டுத் தறியில பிணைச்சுப்பாங்க.”

பேராசிரியர் மெல்லப் புன்னகைத்தார்.

“பார்த்தீர்களா, அவர்களுக்கே தெரியவில்லை” என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். “ஒரு சடங்கைச் செய்கிறவனுக்கு அது சடங்கு என்று தெரிந்துவிட்டால் அது சடங்கே இல்லை. இந்தப் பெண் அறியாமையோடு வந்திருக்கிறாள். நமக்கு வேண்டியது அதுதான்.”

சூர்யகலாவுக்கு இடம் கிடைத்தது. அவளுக்கு அந்தப் படிப்பு எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா அருணகிரிக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அம்மா கமலத்துக்குத் தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. வேலூரில் ஒரு தனியார் மகளிர் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை இருந்தது, எம்.ஃபில். முடித்தால் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை கிடைத்தால் வேலூரில் வீடு பார்த்து இரண்டு பேரையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். மானுடத்தைப் பற்றி அறிந்துகொள்ளும் ஆர்வமெல்லாம் அவளுக்குக் கிடையாது, பாவம்.

முதல் சிக்கல் களம். முள்ளிப்பட்டையே ஆய்வு செய்ய வேண்டும் என்றார் பேராசிரியர். ஆனால் சொந்த ஊரை ஒருவர் ஆய்வு செய்யக் கூடாது என்பது துறை விதி. சொந்த ஊர்க்காரருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கும். தெரிந்தவர் எதைக் கண்டுபிடிப்பார்? களக் குழு கூடி விவாதித்து, அவளுக்கு ‘அந்நியர் சான்று’ ஒன்றை முத்திரை குத்திக் கொடுத்தது. அதன்படி அவள் முள்ளிப்பட்டுக்குப் புதியவள். அங்கே யாரும் அவளுக்கு உறவு இல்லை. ஆரணியில் கோட்டை மைதானத்துப் பக்கம் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கி, முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் அவள் தன் வீட்டுக்குப் போக வேண்டும். களத்தில் சாப்பிடலாம், ஆனால் பசிக்குச் சாப்பிடக் கூடாது, ஆர்வத்துக்குச் சாப்பிட வேண்டும்.

முதல் நாள் அவள் கையில் பேனாவோடு தன் வீட்டு நடையில் உட்கார்ந்தாள்.

“உங்க பேரு?”

கமலம் ராட்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். “இன்னாடி இது? எம் பேரு உனக்குத் தெரியாதா?”

“சொல்லும்மா, எழுதணும்.”

“கமலம்.”

“எத்தன புள்ளைங்க?”

கமலம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அருணகிரி தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவை நிறுத்தாமலே சொன்னார்: “கேக்கறா இல்ல, சொல்லேன். அவங்க சார் கேக்கச் சொல்லி இருப்பாரு.”

“ஒரு பொண்ணு.”

“எங்க இருக்குது?”

“எதிர்ல குந்திகினு கேள்வி கேக்குது” என்றாள் கமலம்.

சூர்யகலா அப்படியே எழுத முடியாது. ‘ஒரு மகள். தற்போது களத்தில் இல்லை’ என்று எழுதிக்கொண்டாள். அன்று கமலம் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். மகள் இரண்டாவது முறை சோறு வாங்கியபோது அது ஆர்வமா பசியா என்பதில் கொஞ்சம் குழப்பம் ஏற்பட்டது. அறிக்கையில் ஆர்வம் என்றே குறிப்பிட்டாள். சாயந்திரம் அவள் ஆரணிக்குக் கிளம்பியபோது கமலம் தெருமுனை வரை வந்தாள். “சொந்த வூட்ட வுட்டுட்டு வாடகை ரூம்புல போய்ப் படுக்கறியே, இது இன்னா படிப்புடி?” என்று கேட்டாள். பெரிய படிப்பு என்று மகள் சொன்னாள்.

மாசி மாதம் அருணகிரி இறந்துபோனார். காலையில் மார்பு வலிக்கிறது என்றார்; ஆரணிக்கு ஆட்டோ பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. வாடகை அறைக்கு ஆள் வந்து சொல்ல, சூர்யகலா அழுதுகொண்டே ஓடிவந்தாள். அவள் செய்த ஒரே தப்பு, துறைக்கு விடுப்புச் சொல்ல எஸ்.டி.டி. பூத்துக்குப் போனதுதான்.

“ஆழ்ந்த அனுதாபங்கள்” என்றார் பேராசிரியர். “தறியை யாரும் தொட வேண்டாம். நாங்கள் வருகிறோம்.”

துறை ஜீப் வந்து சேர்ந்தபோது பாடையைத் தூக்கிவிட்டிருந்தார்கள். பேராசிரியரோடு இரண்டு ஆய்வாளர்களும் ஒரு வீடியோ கேமராவும் வந்தார்கள். பிணம் தெருமுனை தாண்டிய பிறகுதான் கேமராவில் கேசட் போடாதது தெரிந்தது. பேராசிரியர் ஓடிப்போய்க் கை காட்டி நிறுத்தினார். வீட்டு வாசலிலிருந்து மறுபடி ஒரு தரம் தூக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். தூக்கியவர்கள் ஜீப்பைப் பார்த்தார்கள், அதில் எழுதியிருந்ததைப் பார்த்தார்கள். கவர்மென்டில் புதுசாக ஏதோ ரூல் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பாடையை வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். உள்ளே விழுந்து கிடந்த கமலம், புருஷன் திரும்பி வருவதைப் பார்த்து அலறிக்கொண்டு எழுந்து ஓடிவந்தாள். ‘அபாரமான உணர்ச்சி வெளிப்பாடு’ என்று ஒரு ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று பேரும் தறிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கத்தரிக்கோல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆரணியில் லாட்ஜ் எடுத்துத் தங்கிக் கருமாதி வரை தினமும் வந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவர்களையும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் முதலாளி சின்னதுரையின் ஆள் வீரன் வந்தான். பேராசிரியர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

“கமலக்கா, தப்பா நெனைக்காத. கல்யாண ஆர்டரு, பார்ட்டி பேஜார் பண்ணிகினு இருக்காங்க. நீ நெய்யறியா, இல்ல பாவ எடுத்துக்கட்டுமா? முதலாளி கேட்டுகினு வரச் சொன்னாரு.”

கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாவைக் கொடுத்துவிட்டால் சோற்றுக்கு என்ன செய்வது? அவள் தறிக்குழியில் இறங்கி, அருணகிரி விட்ட இடத்திலிருந்து நெய்யத் தொடங்கினாள். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. கையும் காலும் நிற்கவில்லை.

பேராசிரியர் எழுந்தார். “சூர்யகலா, உங்கள் வீட்டில் ஒத்துழைப்பு போதாது” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

நடந்ததை நடந்தபடி எழுதி, சூர்யகலா துறைக் கருத்தரங்கில் வாசித்தாள். பாவை அறுக்கவில்லை, விதவை தொடர்ந்து நெய்தார். வாசித்து முடித்ததும் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் கருத்துச் சொன்னார்கள். களக்குறிப்பில் பல இடங்களில் மை கலைந்திருக்கிறது, ஆய்வாளர் அழுதிருக்கிறார், ஆகவே தரவு மாசுபட்டுவிட்டது என்றார் ஒருவர். இறந்தவரை ‘அப்பா’ என்று ஓரிடத்தில் எழுதியிருப்பதை இன்னொருவர் சுட்டிக்காட்டினார். அது அந்நியர் சான்றை மீறியது. அவள் அந்த இடத்தை அடித்துவிட்டு ‘ஆண், ஐம்பத்தாறு’ என்று திருத்திக்கொண்டாள்.

கடைசியாகப் பேராசிரியர் பேசினார்.

“நான் கோபப்படவில்லை. அறிவியலில் கோபத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரே ஒரு மரணத்தை வைத்துக்கொண்டு, உலகமே ஏற்றுக்கொண்ட ஒரு கோட்பாட்டை மறுக்க முடியுமா? நானும் ஒரே ஒரு மரணத்தைத்தான் பார்த்தேன் என்று சிலர் சொல்லலாம். அது கண்டுபிடிப்பு. இது விதிவிலக்கு. இன்னொரு நிகழ்வு தேவை. அதே ஊர், அதே வீடு, அதே தறி. மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?”

“அம்மா மட்டும்தாங்க சார்.”

“நல்லது” என்றார் பேராசிரியர். “வாய்ப்பு இருக்கிறது.”

‘இரண்டாம் நிகழ்வு வரை’ என்று தீர்மானம் எழுதி, அவளுக்குக் கால நீட்டிப்புக் கொடுத்தார்கள். நடுவில் அவ்வப்போது முன்னேற்ற அறிக்கை தர வேண்டும். முதல் அறிக்கையில் அவள், ‘தகவலாளி நலமாக இருக்கிறார்’ என்று எழுதினாள். ‘முன்னேற்றம் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். ஐப்பசியில் கமலத்துக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்திருந்தாள். அந்த முறை அறிக்கையில் ‘திருப்தி’ என்று வந்தது. காய்ச்சல் சரியான பிறகு துறையிலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

இதற்குள் வேலூர்க் கல்லூரியிலிருந்தும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வருகிற ஜூனுக்குள் எம்.ஃபில். பட்டம் வர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம். சூர்யகலாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாடகை அறையை எப்போதோ காலி செய்துவிட்டு வீட்டுக்கே வந்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாள். அம்மா இருமினால் திரும்பிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தன்மீதே அருவருப்பு வந்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

“இன்னாடி, ஒரு மாரியா பாத்துகினே இருக்க?” என்று ஒருநாள் கமலம் கேட்டாள். “உன் படிப்பு ஏன் இன்னும் முடியல? கூடப் படிச்சதெல்லாம் முடிச்சிட்டு வேலைக்கே போயிடுச்சாமே.”

சூர்யகலா சொல்லிவிட்டாள். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல வேறு ஆள் இல்லை. கமலம் நெய்வதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“அப்போ நான் செத்தாதான் உனக்கு பாஸ் போடுவாங்களா?”

“அப்படி இல்லம்மா. பாவு அறுக்கறத அவரு பாக்கணும். அவரு புக்குல எழுதி இருக்கறபடி நடக்கணும்.”

“அவ்ளோதானே” என்றாள் கமலம்.

அடுத்த வாரம் வீரன் கூலி கொண்டுவந்தபோது கமலம் சொன்னாள்: “முதலாளி கிட்ட சொல்லிடுப்பா. எனக்கு இடுப்பு முடியல. பாவ எடுத்துக்கச் சொல்லு. வெள்ளிக்கெழம வந்து எடுத்துக்கினு போங்க.”

“யக்கா, யோசனை பண்ணிச் சொல்லு. பாதியில வுட்டா மறுபடி ஆரணியில யாரும் உனக்குப் பாவு தர மாட்டாங்க.”

“தெரியும்பா.”

மகளிடம் திரும்பி, “உங்க சாரை வெள்ளிக்கெழம வரச் சொல்லு” என்றாள். வேணாம்மா என்று சூர்யகலா சொன்னாள். ஒரே ஒரு முறைதான் சொன்னாள். பிறகு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஜீப் முன்னதாகவே வந்துவிட்டது. கேசட்டை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்தார்கள். வீரனும் இன்னொரு ஆளும் வந்து, நெய்து முடிந்த துணியை அறுத்து மடித்து வைத்துவிட்டு, மிச்சப் பாவை இழை கோத்த அச்சுச் சட்டத்தோடு சுருட்டினார்கள். கமலம் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழக் கூடாது என்றுதான் இருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தறியை அவள் வெறுமையாகப் பார்த்ததில்லை. மரச் சட்டங்கள் மட்டும் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வீரன் யார் முகத்தையும் பார்க்காமல் பாவைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

“அதே அழுகை” என்றார் பேராசிரியர். அவர் கண்களிலும் நீர் நிறைந்திருந்தது. “இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே அழுகை.”

பிறகு ஏதோ இடித்தது போல் நின்றார். கமலத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆனால் இவர் உயிரோடு இருக்கிறாரே.”

கமலம் மூக்கைச் சிந்திவிட்டு, குற்றம் செய்தவளைப் போல் எழுந்து நின்றாள். “காப்பி போடட்டுங்களா சார்?” என்று கேட்டாள்.

இந்தப் பிரச்சினையை விவாதிக்கத் துறைக் குழு மறுபடி கூடியது. பேராசிரியரின் உரை அங்கே எல்லோர் மனதையும் தொட்டது.

“தோழர்களே, கோட்பாடு தெளிவாக இருக்கிறது. நெசவாளி இறக்கிறார், இழை அறுபடுகிறது. இங்கே இழை அறுபட்டுவிட்டது. அதற்கு வீடியோ ஆதாரம் இருக்கிறது. ஆகவே நெசவாளி இறந்துவிட்டார். அவர் மூச்சு விடுகிறார், காப்பி போடுகிறார் என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அது உயிரியல். உயிரியல் துறை எதிர்க் கட்டடத்தில் இருக்கிறது. அவர்கள் வேலையில் நாம் தலையிட வேண்டாம்.”

ஆய்வேட்டில் கமலம் காலமானார் என்றே எழுதுவது என்று முடிவாயிற்று. சூர்யகலா எழுதினாள். முதலில் அந்த வரியை இரண்டு முறை எழுதி எழுதி அடித்தாள். பக்கத்து அறையில் கமலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் எழுத எழுதச் சரளமாக வந்துவிட்டது; இறந்தகாலத்தில் எழுதுவது எப்போதும் சுலபம். துறை வரலாற்றிலேயே மிகச் சிறந்த அத்தியாயம் என்று பேராசிரியர் பாராட்டினார்.

மே மாதம் வாய்மொழித் தேர்வு. தேர்வுக்கு நிற்கிறவர்தான் எல்லோருக்கும் டிபன் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கமலம் முந்தின நாளே அதிரசமும் முறுக்கும் சுட்டு, தூக்கு வாளிகளில் எடுத்துக்கொண்டு மகளோடு பஸ் ஏறி வந்திருந்தாள். தூக்கிக்கொண்டு வர வேறு ஆள் இல்லை. கடைசி வரிசையில் ஓரமாக உட்கார் என்று சூர்யகலா சொல்லியிருந்தாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

வெளித் தேர்வாளராக வந்தவர் முனைவர் தெய்வநாயகி. சூர்யகலாவுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்த அதே வேலூர்க் கல்லூரியின் முதல்வர். கண்டிப்பானவர் என்று பெயர். ஆனால் அன்றைக்கு இளகியிருந்தார்.

“ஆய்வேட்டைப் படித்து நான் அழுதுவிட்டேன்” என்றார். “ஒரு வருஷத்துக்குள் தந்தை, தாய் இருவரையும் இழந்தும் இந்தப் பெண் தன் கடமையைச் செய்திருக்கிறாள். அந்நியர் சான்று வைத்திருந்தாலும் எனக்குத் தெரியும், அது அவளுடைய வீடுதான். தொடங்குவதற்கு முன் மறைந்த கமலம் அம்மையாருக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்.”

எல்லோரும் எழுந்தார்கள். கடைசி வரிசையில் கமலமும் எழுந்து, மற்றவர்களைப் பார்த்துத் தானும் தலையைக் குனிந்துகொண்டாள். பேராசிரியர் கண்ணை மூடியிருந்தார். சூர்யகலா மேசையைப் பார்த்தபடி நின்றாள்.

கேள்விகள் நல்லபடியாகப் போயின. முடியப்போகும் நேரத்தில் தெய்வநாயகி நிமிர்ந்து அவையைப் பார்த்தார்.

“முள்ளிப்பட்டிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா? களத்தின் குரலையும் கேட்டுவிடுவோமே.”

முள்ளிப்பட்டுக்கு வந்திராத ஒரு ஆய்வாளர், அதிரசம் கொண்டுவந்தவர் ஊர்க்காரர்தான் என்று கை காட்டினார். எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. கமலம் மடியிலிருந்த தூக்கு வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“நீங்கள் கமலம் அம்மையாருக்கு என்ன உறவு?”

கமலம் மகளைப் பார்த்தாள். மகள் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கத்தைத் தேடுகிறாள் என்று தெரியவில்லை. வேகமாகப் புரட்டிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை.

“உறவு ஒண்ணும் இல்லீங்க” என்றாள் கமலம். “பக்கத்து வூடு. என் பேரு செல்லம்மாள்.”

“பாவு அறுத்த அன்று நீங்கள் அங்கே இருந்தீர்களா?”

“இருந்தேங்க.”

“எப்படி இருந்தது?”

“நல்லா இல்லீங்க” என்றாள் கமலம். கொஞ்சம் யோசித்து, “அந்தம்மா அப்பவே போயிடுச்சுங்க” என்று சேர்த்துக்கொண்டாள்.

“கேட்டுக்கொள்ளுங்கள்” என்று பேராசிரியர் அவையைப் பார்த்துச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளி.

சூர்யகலாவுக்கு மிக உயர்ந்த பரிந்துரையோடு எம்.ஃபில். பட்டம் வழங்கலாம் என்று அங்கேயே அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். கமலமும் தட்டினாள். தெய்வநாயகி இறங்கி வந்து சூர்யகலாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“ஜூனில் வந்து சேர்ந்துவிடு. நீ தனியாகப் போய் எங்கே தங்குவாய், யாரும் இல்லாத பெண். விடுதியிலேயே ஒரு அறை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். விடுதிக் காப்பாளர் பொறுப்பும் உனக்குத்தான். உனக்கு நான் இருக்கிறேன்.”

சூர்யகலா குனிந்து அவர் காலைத் தொட்டாள். வேலூரில் வீடு பார்ப்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

பாரிமுனை பஸ் நிலையத்தில் ஆரணி வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. கமலம் காலி வாளிகளை ஜன்னல் வழியாக சீட்டில் வைத்து இடம் பிடித்துவிட்டு, படியில் கால் வைத்தபடியே திரும்பினாள். நாலு வண்டி தள்ளி, வேலூர் பஸ்ஸுக்காகத் தெய்வநாயகி குடையோடு நின்றுகொண்டிருந்தார். கமலம் அவரைப் பார்த்தாள். மேலே ஏற வந்த மகளின் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

“அந்தம்மா நின்னுகினு இருக்காங்க பாரு. நீ அடுத்த வண்டியில வா, கண்ணு. ஒண்ணா போனா பாத்துடுவாங்க.”

சூர்யகலா அடுத்த வண்டியில்தான் போனாள்.